ஷேடிங்

அன்று மதியம் ஹாலில் இருந்தவர்கள்:

கிதியோன், என் அப்பா. செகந்திராபாத்தை ஒட்டிய போலாரம் ராணுவ ஸ்டோரில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் மூப்பர்.

ஜெயசுந்தரி, என் அம்மா. முப்பது வருடம் டிராயிங் டீச்சர். இப்போது ஓய்வு, அதாவது அடுப்படி.

எமி, என் அக்கா. பதினோரு நாள் முன்பு ஒரு கைப்பையோடு வந்து சேர்ந்தவள்.

வெஸ்லி, அவள் கணவன். நாகர்கோவில்காரன். கச்சிபௌலியில் வேலை, கொண்டாப்பூரில் பதினாலாவது மாடியில் ஃப்ளாட்.

ஜகதீசன் அங்கிள், சபைக் கமிட்டி செக்ரட்டரி. தமிழில் இந்த ஊர் உருதுவைக் கலந்து பேசுவார்.

ஜோசியா, நான். மூன்று மாதமாக வேலை இல்லை.

ஏழாவதாக, சோபாவுக்கு மேலே சுவரில் இன்னொரு ஜெயசுந்தரி. கண்ணாடியைப் பார்த்து அம்மா தன்னையே வரைந்த ஆயில் பெயின்டிங். கீழே மூலையில் 1996 என்று போட்டிருக்கும். நான் பிறப்பதற்கு முந்தைய வருடம்.

பிரியாணி வெஸ்லிக்காகச் செய்தது. அம்மா காலை ஐந்து மணிக்கே எழுந்து வெங்காயம் உரித்தாள். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகும்போதும் அவள் கையில் வெங்காய வாடை. பெண்ணை அடித்தவனுக்கு மட்டன் பிரியாணி, தால்ச்சா, கத்திரிக்காய். அடி வாங்கியவள் பரிமாறினாள். வெஸ்லி எலும்பை உறிஞ்சிவிட்டு, "அத்தை கைப்பக்குவம் எமிக்கு வரவே இல்ல பாத்துக்கிடுங்க" என்றான். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் விஷயம் ஐயரிடம், அதாவது பாஸ்டரிடம், போவதற்கு முன் கமிட்டிக்கு வரும். கமிட்டி என்றால் ஜகதீசன் அங்கிள். பெண் வீட்டில் சாப்பாடு, ஒரு ஜெபம், இரண்டு பக்கமும் ஒரு சாரி, கடைசியில் ஒரு செல்ஃபி. தம்பதி நடுவில், பெரியவர்கள் சுற்றிலும், அங்கிளின் முகம் ஓரத்தில் பெரிதாக. அந்தப் படம் உடனே ஐயரின் வாட்ஸப்புக்குப் போகும். 'ஸ்தோத்திரம், சமாதானம் ஆயிற்று.' ஐயர் கும்பிடும் கை ஒன்றை அனுப்புவார். அவ்வளவுதான், ஃபைல் மூடப்பட்டது. இதுவரை இருபத்து மூன்று ஜோடிகள். சாப்பாட்டுக்கு முன் அங்கிள் எங்களுக்குக் காட்டினார். அவருடைய போனில் முகத்தை அழகாக்கும் மோடு எப்போதும் ஆனில் இருக்கும். இருபத்து மூன்று பெண்களுக்கும் மெழுகு தடவிய ஒரே முகம்.

ஆக அன்று முடிவாக வேண்டியது ஒன்றுதான். எமி அந்த செல்ஃபியில் நிற்பாளா, மாட்டாளா. நின்றால் அடுத்த பத்து நிமிடத்தில் அவள் வெஸ்லியின் காரில் இருப்பாள்.

கை கழுவிவிட்டு வந்து பல் குத்திக்கொண்டே அங்கிள் ஆரம்பித்தார்.

"எமி பாப்பா, உன் பக்கம் சொல்லும்மா. சுருக்கமா."

எமி போனை நீட்டினாள். "பதினோரு படம் இருக்கு அங்கிள். ஜூலைல இருந்து. தேதி கீழயே இருக்கு. மத்தது எல்லாம் கமிட்டிக்குக் குடுத்த லெட்டர்ல எழுதிட்டேன்."

அங்கிள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தள்ளினார். யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தையோ பார்ப்பது போல.

"இது இருட்டா இருக்கு... இதுல கை ஆடிருச்சு போல."

"கை நடுங்குச்சு அங்கிள்."

"அதான் சொல்றேன், தெளிவா இல்ல."

பார்த்து முடித்ததும் போனை வெஸ்லியிடம் கொடுத்தார். அடித்தவன் கையில். எமி அதைப் பார்த்தாள். அவள் கன்னத்தில் இப்போது எதுவும் தெரியவில்லை. பதினோரு நாள் அம்மா சாப்பாட்டில் எல்லாம் வடிந்துவிட்டது. அவளிடம் மிச்சம் இருந்தது அந்தப் படங்கள் மட்டும்தான்.

வெஸ்லிக்கு அவசரமே இல்லை. விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"மாமா, நான் கோவக்காரன். ஒத்துக்கிடுதேன். ஒரு தடவை கை ஓங்கினேன், அதையும் ஒத்துக்கிடுதேன். ஆனா இது என்னது? லெட்டர்ல இவ இடது கன்னம்னு எழுதியிருக்கா. படத்துல பூராவும் வலது கன்னம். நான் வலது கைக்காரன். வலது கையால அடிச்சா எதிர்ல நிக்கவளுக்கு எந்தக் கன்னத்துல படும்? நீங்களே சொல்லுங்க."

அங்கிள் தன் வலது கையைக் காற்றில் மெதுவாக வீசி, எங்கே போய் முடிகிறது என்று பார்த்தார். மறுபடி ஒரு முறை வீசினார். அப்பா கையை அசைக்கவே இல்லை.

"இடது கன்னம்" என்றார் அப்பா, உடனே.

"அப்பம் இது எப்படி வந்திச்சு? பாத்ரூம் கதவுல இடிச்சுக்கிட்டு எம் பேரைச் சொல்லுதா."

நான் அதுவரை தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன்.

"அத்தான், அது ஃப்ரண்ட் கேமரா. கண்ணாடில தெரியுற மாதிரி மாத்திக் காட்டும். அவ போன் அப்படியே சேவ் பண்ணும். படத்துல வலதுன்னு தெரிஞ்சா நிஜத்துல இடது."

"வந்துட்டாருய்யா எக்ஸ்பர்ட்" என்றான் வெஸ்லி. "வேலைய விட்டுட்டு வீட்டுல உக்காந்திருக்கவரு."

உண்மைதான். நான் எக்ஸ்பர்ட். அந்த வேலையைத்தான் மூன்று வருடம் பார்த்தேன்.

கச்சிபௌலியில் ஒரு கண்ணாடிக் கட்டடம், ஆறாவது மாடி, இரவு ஷிஃப்ட். ஏதோ ஒரு ஆப்பில் கணக்குத் திறக்கிறவர்கள் ஒரு செல்ஃபி எடுத்து அனுப்புவார்கள். அது என் திரையில் இடது பக்கம் வரும். அவர்களுடைய அடையாள அட்டைப் படம் வலது பக்கம். இரண்டும் ஒரே ஆளா என்று பார்த்து ஒரு பட்டனை அழுத்த வேண்டும். ஒரு முகத்துக்கு நாலு விநாடி. ஒரு ராத்திரிக்கு எழுநூறு முகம். மச்சம் இடம் மாறியிருந்தால் கண்ணாடிப் படமா என்று பார், பின்னால் எழுத்து இருந்தால் திரும்பியிருக்கிறதா என்று பார். எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். வீங்கிய முகம் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லவில்லை. வீங்கிய முகம் அட்டையோடு பொருந்தாது. பொருந்தாவிட்டால் 'பொருந்தவில்லை'.

ஆகஸ்டில் ஒரு பெண் வந்தாள். பெயர் எங்களுக்கு வராது, எண்தான் வரும். ஒரு கண் மூடிப்போயிருந்தது. பொருந்தவில்லை என்று அழுத்தினேன். நான் அழுத்தினால் அவளுக்குத் தானாக ஒரு செய்தி போகும்: 'தயவுசெய்து தெளிவான முகத்துடன் மீண்டும் முயலவும்.' இரண்டு நாள் கழித்து மீண்டும் முயன்றாள். கண் திறந்திருந்தது, உதடு கிழிந்திருந்தது. பொருந்தவில்லை. அந்த வாரக் கடைசியில் மூன்றாவது முறை. கண் சரியாகியிருந்தது, தாடை ஒரு பக்கம் கறுத்திருந்தது. மூன்று முறையும் என்னிடமே வந்தாள். மூன்றாவது முறையும் நான் அதே பட்டனைத்தான் அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது, இந்தக் கறுப்பை வேறு எங்கோ பார்த்திருக்கிறேன் என்று.

என் போனில் பார்த்திருந்தேன். ஜூலையில் எமி ஒரு செல்ஃபி அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வார்த்தையும் இல்லை. நான் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வண்டியில் வந்துகொண்டிருந்தேன். கண் எரிந்தது. அதற்கு நான் போட்டிருந்த பதில் ஒரு கட்டைவிரல். சூப்பர் என்று அர்த்தம்.

ஷிஃப்ட் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைப் பட்டையோடு குப்பைத்தொட்டியில் போட்டேன். விடிந்ததும் எமிக்கு போன் செய்தேன். "ஒண்ணும் இல்லடா, கதவு இடிச்சிருச்சு" என்றாள். பக்கத்தில் அவன் இருந்திருப்பான். எனக்கு அது தெரியும். ஆனாலும் கதவு என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. நம்பினேன். அதற்குப் பிறகும் பத்து படங்கள் எடுத்திருக்கிறாள். எனக்கு அனுப்பவில்லை. கட்டைவிரல் ஒன்று போதும் என்று நினைத்திருப்பாள்.

இதையெல்லாம் வெஸ்லியிடம் சொல்ல முடியுமா? அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி அங்கிளிடம் காட்டினேன்.

"அங்கிள், பின்னாடி சுவர்ல என்ன இருக்கு பாருங்க. நம்ம சபை காலண்டர். எழுத்தைப் படிங்க."

அங்கிள் படிக்கப் பார்த்தார். "என்ன இது... திரும்பி இருக்கே."

"ஆங். எழுத்து திரும்பினா கன்னமும் திரும்பும். அப்ப இது இடது கன்னம். அத்தானே சொல்லிட்டாரு, வலது கையால அடிச்சா இடது கன்னத்துலதான் படும்னு. முடிஞ்சுது இல்ல?"

நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். அங்கிள் தாடையைச் சொறிந்தார்.

"அப்போ இது மாத்தின படம்" என்றார்.

"என்ன?"

"நீயே சொல்றியே பேட்டா. ஒரிஜினல்ல இடது. படத்துல வலது. மாத்தின படத்தைக் கமிட்டி எப்படி ஏத்துக்கும்? நாளைக்கு வேற யாரும் மாத்திக் கொண்டு வந்தா?"

"யாரும் மாத்தல அங்கிள். கேமராவே..."

"எடிட் பண்ணிருக்கியா எமி?" என்றார் அப்பா.

"டாடி!"

"கேக்கிறேன். ஆமாவா இல்லையா?"

வெஸ்லி சோபாவில் சாய்ந்துகொண்டான். "விடுங்க மாமா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க கைல போன் இருந்தா நிமிஷத்துக்கு ஒரு செல்ஃபி. மூஞ்சிய நீலமாக்கணும்னாலும் ஃபில்டர் இருக்கு, நாய்க்காது வைக்கணும்னாலும் ஃபில்டர் இருக்கு. நான் தப்பா எடுத்துக்கிடல."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லையாம். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. பொறுக்கி என்று ஒரு வார்த்தை இருந்தது.

"ஜோசி! உக்காரு!" என்றார் அப்பா. "ஒரு வேலைல நிக்கத் துப்பில்ல, இங்க வந்து வக்கீல் வேலை பாக்கிறான்."

"கைக்கு, எதுக்கு இவ்ளோ சத்தம், பேட்டா" என்றார் அங்கிள். "ஞாயித்துக்கிழமை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

அப்பா எமியிடம் திரும்பினார். குரல் தணிந்தது. அவருடைய தணிந்த குரலுக்குத்தான் நாங்கள் சின்ன வயதிலிருந்து பயப்படுவோம்.

"மாப்பிள்ளை ஒத்துக்கிட்டாரு. ஒரு தடவை கை ஓங்கினேன்னு இவ்ளோ பேர் முன்னாடி சொன்னாரு. எந்த ஆம்பளை சொல்லுவான்? பையை எடுத்துக்கோ."

"எனக்கு நக்கோ டாடி, வேணாம்."

"நக்கோன்னா? இங்க உக்காந்து என்ன பண்ணுவே? இவன் ஒருத்தன் உக்காந்திருக்கிறது போதாதா?"

எமி அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"மம்மி?"

அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக, எலும்புகளை மேல் தட்டில் சேர்த்து. எமி மறுபடியும் கூப்பிட்டாள். அம்மா தட்டுகளோடு உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த நிமிடம் வெஸ்லியை விட அம்மா மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன்.

எமி எழுந்தாள். அறைக்குப் போய்க் கைப்பையை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு, வெஸ்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் ஸ்டாப்பில் உட்காருவது போல.

அங்கிள் ஜெபம் செய்தார். நீளமாக. பிறகு சாரி. வெஸ்லி சொன்னான். எமியும் சொன்னாள், எதற்கென்று தெரியாமல்.

"சரி, செல்ஃபி" என்றார் அங்கிள். முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு பேரும் சோபால. கிதியோன், நீ மாப்பிள்ளை பக்கம் நில்லு. சிஸ்டர்! சிஸ்டர் எங்க? வாங்க, எமி பக்கம் நில்லுங்க. ஜோசி, நீயும் வா பேட்டா. கோவம் நக்கோ. இங்க, என் பக்கத்துல."

அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அங்கிள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று கையை நீட்டினார். நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்த போனைத் தட்டிவிடலாம் என்றுதான் போனேன்.

திரையில் எல்லோரும் வந்தோம். ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் ஒரு மஞ்சள் சதுரம் விழுந்தது. மூன்று வருடம் நான் பார்த்த அதே சதுரம். பழக்கதோஷம், எண்ணினேன். அங்கிள், நான், அப்பா, வெஸ்லி, எமி, அம்மா. ஏழாவதாக ஒன்று, சோபாவுக்கு மேலே. சுவரிலிருந்த அம்மாவையும் போன் ஒரு ஆளாக எண்ணியிருந்தது.

அந்தப் படத்தின் கீழேதான் நான் வளர்ந்தேன். அதன் கீழே உட்கார்ந்து சோறு தின்றேன், வீட்டுப்பாடம் எழுதினேன், டிவி பார்த்தேன். ஒரு நாளும் பார்த்ததில்லை. படத்தில் அம்மாவின் சேலைத் தலைப்பு தப்பான தோளில் இருக்கும். கண்ணாடியைப் பார்த்து அப்படியே வரைந்ததால். அதனாலோ என்னவோ அது எனக்கு அம்மா மாதிரியே தெரியாது, யாரோ சொந்தக்காரப் பெண் மாதிரி இருக்கும். இப்போது போன் அதைத் திருப்பிப் போட்டிருந்தது. கண்ணாடியின் கண்ணாடி. தலைப்பு சரியான தோளுக்கு வந்துவிட்டது. வகிடு சரியான பக்கம் வந்துவிட்டது. சதுரத்துக்குள் என் அம்மா இருந்தாள், எனக்குத் தினமும் சோறு போடுகிறவள், இருபத்தெட்டு வயது குறைந்து. அவளுடைய இடது கண்ணுக்குக் கீழே, அழகாக்கும் மோடுக்கும் அழியாமல், அந்த நிழல்.

அந்த நிழலைப் பற்றி வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அப்பா ஒரு விளக்கம் சொல்வார். "ஷேடிங். ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். அதான் ஆர்ட்." அவரே செகந்திராபாத் கொண்டுபோய் ஃப்ரேம் போட்டு வந்த படம்.

நாலு விநாடி ஆகியிருக்காது. எழுநூறு முகம் பார்க்கிறவனுக்கு ஐந்து நாள் பழைய காயம் எப்படி இருக்கும் என்று தெரியும். நடுவில் ஊதா. ஓரத்தில் மஞ்சள்.

"ஸ்மைல், எமி பாப்பா" என்றார் அங்கிள். "கொஞ்சம் பல்லு தெரியட்டும்."

நான் போனைக் கையால் மூடினேன்.

"ஏய்!"

திரும்பி அம்மாவைப் பார்த்தேன். "மம்மி. அந்தக் கன்னத்துல என்ன கலர் போட்டே?"

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் அது தெரிந்தது.

"இப்போ டிராயிங் கிளாஸா?" என்றான் வெஸ்லி.

"அது ஷேடிங்டா" என்றார் அப்பா. "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"ஷேடிங் அந்தப் பக்கம் வராது" என்றாள் அம்மா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டு, வகுப்பில் போர்டைக் காட்டுவது போல ஈரக்கையை நீட்டினாள்.

"ஜன்னல் இந்தப் பக்கம். வெளிச்சம் இதுல இருந்து வருது. நிழல் எதிர்ப்பக்கம் மூக்குக்கு அந்தண்டைதான் விழும். ஆறாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். இந்தப் பக்கம் இருக்கிறது ஷேடிங் இல்ல. வயலெட்ல கொஞ்சம் கறுப்பு. சுத்தி மஞ்சளும் பச்சையும். அந்த மஞ்சள்தான் கஷ்டம். தோல் கலரோட கலந்து போயிரும்."

"ஜெயா" என்றார் அப்பா.

அங்கிள் செருமினார். "சிஸ்டர், பழைய கதை. இருபத்தெட்டு வருஷம் முன்ன ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு கோவத்துல. நாங்களும் மனுஷங்கதானே. கர்த்தர் மன்னிச்சிட்டாரு, நீங்களும் மறந்துட்டு..."

"அந்தப் படம் முடிக்க ஆறு வாரம் ஆச்சு அண்ணே."

"ஹவ், ஆமா, ஆகும். நல்ல வேலைப்பாடு."

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வரைவேன். இவர் கமிட்டிக்குப் போயிருக்கிற நேரம். நீங்களும் அதே கமிட்டிலதான் இருந்தீங்க."

"ஆமா."

"காயம் பத்து நாள்ல ஆறிடும்."

அங்கிள் தலையாட்டினார்.

"ஆறு வாரமும் அந்தக் காயத்தைக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைஞ்சேன். ஞாபகத்துல இருந்து ஒரு புள்ளிகூட வைக்கல."

அங்கிள் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தலை நின்றது. வெஸ்லி தரையைப் பார்த்தான். எமியின் மடியிலிருந்து பை சரிந்து கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை.

"இதை ஏன் மம்மி ஹால்ல மாட்டினே?" என்றாள்.

"யாராவது கேப்பாங்கன்னுதான்."

"யாருமே கேக்கலையா?"

"கேட்டாங்க. சேலை எங்க வாங்கினதுன்னு கேட்டாங்க. பெயின்ட் என்ன கம்பெனின்னு கேட்டாங்க." அம்மா அப்பாவை ஒரு முறை பார்த்தாள். "ஒருத்தர் ஃப்ரேம் போட்டுக் கொண்டு வந்தாரு."

அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று வர்ணிக்க எனக்கு விருப்பமில்லை. அவருக்குத் தெரிந்தேதான் ஃப்ரேம் போட்டாரா, தெரியாமலா என்பதும் எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூன்று வருடம் முகம் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். என் வீட்டு ஹாலில் இருந்த முகத்தை ஒரு போன் திருப்பிக் காட்ட வேண்டியிருந்தது.

வெஸ்லி எழுந்தான். கார் சாவியை விரலில் சுழற்றினான்.

"இது உங்க வீட்டு விஷயம் மாமா. நான் எதுக்கு இதுல? எமி, கடைசியா கேக்கேன். வாரியா, இல்லியா?"

எமி வாயைத் திறந்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"அவ வரமாட்டா."

"அத்தை, நான் அவகிட்ட கேட்டேன்."

"அவ பதினோரு படத்துல சொல்லிட்டா. நான் ஒண்ணுலதான் சொன்னேன். நீங்க கிளம்புங்க."

வெஸ்லி அப்பாவைப் பார்த்தான். பிறகு ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டு வெளியே போனான். அங்கிள் போனைச் சட்டைப்பையில் போட்டார். இருபத்து நாலாவது படம் எடுக்கப்படவில்லை. ஆனால் வாசலருகே அம்மா காலையிலேயே கட்டி வைத்திருந்த பிரியாணி கேரியரை மறக்காமல் எடுத்துக்கொண்டார். "ஜெபத்துல வைக்கிறேன் சிஸ்டர்" என்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"மாப்பிள்ளை, நில்லுங்க! ஒரு நிமிஷம்!" அப்பா பாத்ரூம் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். வாசற்படியில் நின்று திரும்பினார். விரல் அம்மாவை நோக்கி நீண்டது. குரல் தணிந்திருந்தது. "அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிட்டு வரேன். வந்து உன்னை வெச்சுக்கிறேன்."

அம்மா கதவருகே வந்து நின்றாள். அவர் படிகளில் இறங்கி, கேட்டைத் தாண்டி, கார் ஜன்னலில் குனியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜோசி, அவர் சாவி எங்க?"

"டிவி பக்கத்துல இருக்கு மம்மி."

"ரெண்டுமா?"

பார்த்தேன். வீட்டுச் சாவி, பின்கதவுச் சாவி, இரண்டும் ஒரே வளையத்தில் இருந்தன. "ரெண்டும் இங்கதான் இருக்கு."

அம்மா கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளைப் போட்டாள், குனிந்து கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். பிறகு பூட்டில் சாவியை இரண்டு முறை திருப்பினாள்.